பாறைமேல் என் கல்

உட்காருங்கள் அம்மா. பனிமூட்டம் விலக இன்னும் அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை மேலே போக வேண்டாம். உங்களோடு வந்தவர்கள் ஜீப்பிலேயே இருக்கட்டும். இந்தப் பெஞ்சு உறுதியானது, நான் போடச் சொன்னதுதான். என் தொண்டை கம்மியிருப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மாலை இதே இடத்தில் நின்று முக்கால் மணி நேரம் மலையைப் பார்த்துக் கத்தினேன். யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டால், எனக்கே தெரியாது. அதையும் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

என் பெயர் ஆறுமுகநயினார். திருநெல்வேலிப் பக்கம். சுகாதார ஆய்வாளராக முப்பத்தோராண்டு வேலை பார்த்தேன். கடைசிப் பதினோராண்டு குழிவட்டம் என்கிற இந்த ஊரில். ஓய்வு பெற்றதும் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சமவெளிக்கு இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. சுவாசிக்க நல்ல காற்று, குடிக்க நல்ல தண்ணீர், திருத்துவதற்கு நிறைய மனிதர்கள். ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது தனியாக இருக்கிறேன். என் மனைவி காந்திமதி ஈரோட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள். சென்ற ஐப்பசியிலிருந்து. அவள் திரும்பி வருவதும் வராததும் இன்று பதினொன்றரை மணிக் கூட்டத்தில் நான் என்ன பேசுகிறேன் என்பதைப் பொறுத்தது. அதோ, அந்தத் தகரக்கூரைக் கட்டடம், அங்கேதான் கூட்டம். நடைபாதைப் பராமரிப்புக் குழுவின் ஆண்டுக் கூட்டம். நான் அதன் செயலாளர். மணி என்ன? பத்து இருபதா? நேரம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

ஊரைப் பற்றி ஜீப் ஓட்டும் யோகராசா உங்களுக்குச் சொல்லியிருப்பான். அதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இங்கே தங்கம் தேடி மலையைக் குடைந்தது. கிடைத்த தங்கத்தைவிடத் தோண்டிய குழிகள் அதிகம். கம்பெனி போய்விட்டது, குழிகள் இருக்கின்றன. குழி வெட்ட வந்தவர்களின் வம்சம் இப்போது தேயிலை பறிக்கிறது. அவர்கள் அன்று வேலைக்கு நடந்த வழிகளில்தான் நீங்கள் இன்று காற்று வாங்க நடக்கிறீர்கள். தள்ளுவண்டி ஓடிய டிராலிப் பாதை, பொதி சுமந்த கழுதைப் பாதை, இடிந்த புகைபோக்கிக்குப் போகும் பாதை. மூன்றும் இங்கேதான் தொடங்குகின்றன. மூன்றும் இங்கேதான் வந்து முடிகின்றன. எனவேதான் அந்தப் பாறை இங்கே இருக்கிறது.

பார்த்தீர்களா? இடுப்பு உயரம், மேலே தட்டையாக, சாப்பாட்டு மேசை போல. அதன்மேல் ஏழெட்டுக் கற்கள் கிடக்கின்றனவே, அவை தாமாக வந்தவை அல்ல. சுரங்கத்துக்குள் போகும் ஒவ்வொருவனும் ஒரு கல்லை அதன்மேல் வைத்துவிட்டுப் போவானாம். வெளியே வந்ததும் தன் கல்லைத் தானே எடுத்து எறிந்துவிடுவானாம். பொழுது சாயும்போது எண்ணு மேஸ்திரி வந்து பார்ப்பார். கல் கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான்; விளக்கோடு தேடப் போவார்கள். கம்பெனி போன பிறகும் இந்த ஊர் அதை விடவில்லை. விறகுக்குப் போனாலும், மாடு தேடிப் போனாலும், சும்மா நடக்கப் போனாலும் ஒரு கல். அதற்கு 'ஆள்கல்' என்று பெயர்.

எண்ணு மேஸ்திரியின் கொள்ளுப்பேத்திதான் செங்கமலம். அதோ, அந்த டீக்கடை. பொழுது சாய்ந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பாறையைப் பார்ப்பாள். கல் மீந்திருந்தால் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு ஒரு கூவல். எதிர்க்குரல் வராவிட்டால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஏறிவிடுவாள். அவள் தகப்பன் செய்தார், அவருக்கு முன்னால் அவர் தகப்பன். இவளுக்கு அதற்குச் சம்பளமும் கிடையாது, நன்றியும் கிடையாது.

நான் இந்த வழக்கத்தை மதிக்காதவன் அல்ல. ஆனால் நீங்களே சொல்லுங்கள், சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியபின் அந்தப் பாறை என்ன கதிக்கு ஆனது? கல்லின்மேல் கல் அடுக்கிக் கோபுரம் கட்டிப் படம் எடுக்கிறார்கள். சாக்பீஸால் காதலி பெயர் எழுதுகிறார்கள். வைத்த கல்லை எடுக்காமல் வேறு வழியாக இறங்கி ஜீப் ஏறிவிடுகிறார்கள். பக்கத்திலேயே வெற்றிலை எச்சில். முப்பத்தோராண்டு சாக்கடையையும் சந்தையையும் சுத்தம் செய்தவன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

குழுவின் செயலாளர் ஆனதும் முதலில் அறிவிப்புப் பலகைகள் வைத்தேன். பதினான்கு பலகைகள், எல்லா வாசகமும் என் சொந்தச் சிந்தனை. 'வழியில் நீ எறிவது உன் மனத்திலிருந்து விழுந்தது.' 'பாதை உன்னைச் சுமக்கிறது, நீ பாதையைச் சுமக்காதே' என்று ஒன்று. அது கல், பூச்செடி எடுத்துப் போகிறவர்களுக்கு. யோகராசா தன் இலங்கைத் தமிழில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்: "சேருடைய போர்டெல்லாம் படிச்சி முடிச்சா பொழுது சாஞ்சிரும், பிறகு மலைக்கு எங்க போறது?" சிரிக்கட்டும். சிரிப்பவன் ஒருமுறை படித்திருக்கிறான் அல்லவா?

இரண்டாவதாக ஒரு பதிவேடு வைத்தேன். ஆள்கல்லுக்குப் பதிலாக. பெயர், ஊர், கைபேசி எண், ஏறிய நேரம், இறங்கிய நேரம். நூலில் கட்டிய பேனா. எவ்வளவு எளிது! சுற்றுலாக்காரர்கள் எழுதினார்கள். ஊர்க்காரர்கள் ஒருவர்கூட எழுதவில்லை. செங்கமலத்திடம் கேட்டேன், ஏன் என்று.

"வேணாம் சார். கம்பெனிக் காலத்துல ஆள் பேரை எழுதறது ஆள் செத்தாத்தான். உசுரோட இருக்கறவனுக்குக் கல்லு, செத்தவனுக்குத்தான் புத்தகம்."

"அது அந்தக் காலம் அம்மா. இப்போது ரேஷன் கடையில் பெயர் எழுதவில்லையா?"

"ரேஷன் கடை மலைக்குள்ளயா சார் இருக்குது?"

என் மனைவியும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அவளுக்குச் சர்க்கரை நோய். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். டிராலிப் பாதையில் ஒரு மைல் போய்த் திரும்புவாள். இவளும் கல்தான் வைப்பாள், பதிவேட்டில் எழுத மாட்டாள். அதுவும் கண்ட கல்லை வைக்க மாட்டாள். வெங்கச்சங்கல் ஒன்று வைத்திருந்தாள், வெள்ளைவெளேரென்று, ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்த மாதிரி ஒரு கோடு. திரும்பி வந்ததும் எறியாமல் முந்தானையில் முடிந்துகொள்வாள். "செயலாளர் வீட்டு அம்மாவே பெயர் எழுதாவிட்டால் ஊர் எப்படி எழுதும்?" என்று கண்டித்தேன். "ஏங்க, உங்க நோட்டு ராத்திரி பெட்டிக்குள்ள போயிரும். செங்கமலம் முழிச்சிட்டுல்லா இருக்கா" என்றாள். அவள் பேச்சு அப்படித்தான். இருபத்தெட்டு வருடம் ஊர் ஊராக என்னோடு மாற்றலாகி வந்தும் அந்தத் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

சரி. அந்த நாளுக்கு வருகிறேன்.

சென்ற ஐப்பசி, மழை விட்டிருந்தது. பாதைகளின் தொடக்கத்தில் இந்த வரவேற்பு வளைவைக் கட்டி முடித்திருந்தோம். திறந்துவைக்க மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. மாலை நான்கு மணிக்கு. நான் இரண்டு வாரமாக உறங்கவில்லை. பந்தல், மாலை, மைக். நூறு பேருக்கு டீ செங்கமலத்தின் பொறுப்பு. அவள் மதியத்திலிருந்தே கடைக்குப் பின்னால் பெரிய அடுப்பில் பாலோடு போராடிக்கொண்டிருந்தாள். துப்புரவுப் பணியாளர்கள் காலையிலேயே கூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று மணிக்கு வந்து பார்க்கிறேன், பாறைமேல் மறுபடியும் கற்கள்! இருபது முப்பது இருக்கும். நடுவில் ஒரு கோபுரம். அதிகாரி வந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

கற்கள் அகற்றப்பட்டன. பாறை கழுவப்பட்டு, ஓரமெல்லாம் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. நல்ல கற்களாகப் பார்த்து வளைவின் கீழே இருந்த பூச்செடிகளைச் சுற்றி அழகாகப் பதிக்கப்பட்டன. எதையும் வீணாக்கவில்லை.

விழா சிறப்பாக நடந்தது. நானும் பத்து நிமிடம் பேசினேன். ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், பனி இன்னும் விலகவில்லையே. மலைக் கணவாய் ஒன்றில் வழிப்போக்கர்களுக்காக ஒரு விளக்கு. அதைக் காக்க ஒருவன். விளக்கின் கண்ணாடியில் புகை படிந்திருப்பது அவனுக்குப் பொறுக்காது. கண்ணாடி சூடாக இருந்தால் துடைக்க முடியாதல்லவா? எனவே விளக்கை அணைப்பான், ஆறவைப்பான், பளபளவென்று துடைப்பான், மறுபடி ஏற்றுவான். ஒருநாள் அவன் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வழிப்போக்கன் வந்து, வெளிச்சம் காணாமல் பள்ளத்தில் இறங்கிவிட்டான். எந்த வேலைக்கும் உரிய நேரம் ஒன்று உண்டு என்பது கதையின் பொருள். நண்பகலில் தெருக் கூட்டும் பணியாளர்களுக்காக நான் உண்டாக்கிய கதை. அதிகாரி கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

காந்திமதி விழாவில் இல்லை. மலைக்குப் போயிருந்தாள். காலையில் என்னிடம் சொல்லித்தான் இருக்கிறாள்: "உங்க கூட்டம் முடியதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்திருதேன்." நான் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். 'ம்' என்று சொன்னேனாம். சொல்லியிருப்பேன்.

ஐந்தரை மணிக்கு அதிகாரியின் வண்டி கிளம்ப ஆயத்தமாக நின்றது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. செங்கமலம் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். பாறையைப் பார்த்தாள். வெள்ளையாக, வெறுமையாக இருந்தது.

"சார், கல்லெல்லாம் எங்க?"

நான் அவளை ஓரமாக அழைத்தேன். அதிகாரி பத்தடி தூரத்தில் நிற்கிறார் அம்மா. இவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூவத் தொடங்கினால் என்ன நினைப்பார்? விழா நாளில் ஆள் காணாமல் போனதாக நாளைக்குப் பத்திரிகையில் வராதா?

"எல்லோரும் இறங்கிவிட்டார்கள்" என்றேன்.

"நெசமாவா சார்?"

"நான் பார்த்தேன் அம்மா. எல்லோரும் இறங்கிவிட்டார்கள்."

அது பொய் அல்ல. பதிவேட்டைப் பார்த்திருந்தேன், அதில் ஏறியவர்கள் அத்தனை பேரும் இறங்கிக் கையெழுத்திட்டிருந்தார்கள். நான் பார்த்தது பதிவேட்டை. அதை விரித்துச் சொல்ல அப்போது நேரமில்லை.

அவள் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனேன். காந்திமதி இல்லை. செங்கமலத்தின் வீட்டில் இருப்பாள், அல்லது ஐயப்பன் கோவில் பஜனைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். என் பேச்சைக் கேட்க வரவில்லையே என்று வருத்தம் வேறு. நானாகப் போய் அழைப்பதா என்று இருந்தேன். நாற்காலியில் சாய்ந்தேன். இரண்டு வாரத் தூக்கம் அம்மா. கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது.

நடுவில் எதுவும் இல்லை. அந்த இரவைப் பற்றி என்னிடம் சொல்வதற்கு எதுவுமே இல்லை. நான் தூங்கினேன்.

தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள். நன்றி. தொண்டைதான்.

விடிந்தும் விடியாமலும் செங்கமலத்தின் கடைக்கு ஓடினேன். பால் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். "காந்திமதி இங்கே இருக்கிறாளா?" என்றேன். பாத்திரத்தை அப்படியே கீழே விட்டாள். பால் தெருவரை ஓடியது. பாறைக்கு வந்தாள், கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்து வைத்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நானும் ஒரு கல்லை எடுத்து வைத்தேன். அந்தக் கறுப்புக் கல், ஓரத்தில் தனியாக இருக்கிறதே, அதுதான்.

டிராலிப் பாதையில் இரண்டாவது வளைவுக்கு அப்பால், தண்ணீர் போகும் பள்ளத்தில் கிடந்தாள். பாசி வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உடம்பு விறைத்திருந்தது, ஆனால் நினைவு இருந்தது. செங்கமலம் கீழே இறங்கி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அக்கா, கத்தியிருக்கலாமேக்கா!" என்று அழுதாள்.

காந்திமதி என்ன சொன்னாள் தெரியுமா? "எதுக்குக் கத்தணும்? கல்லு கெடக்கே, நீ வந்துருவேன்னு இருந்தேன்."

முதலில் கொஞ்ச நேரம் கூப்பிட்டாளாம். பிறகு, எப்படியும் வருவார்கள், உடம்பின் சூட்டை வீணாக்க வேண்டாம் என்று சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அமைதியாக இருந்துவிட்டாளாம். கல் அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில்.

கம்பளியில் தொட்டில் கட்டி நான்கு பேர் சுமந்து இறங்கினார்கள். இந்த வளைவின் கீழே வரும்போது, "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். வலியோ என்று நிறுத்தினார்கள். அவள் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கற்கள் பதித்த வரிசையின் நட்டநடுவில், வளைவில் என் பெயர் பொறித்த பலகைக்கு நேர் கீழே, வெள்ளையாக ஒரு கல். ஒரு பக்கம் துருப்பிடித்த மாதிரி ஒரு கோடு.

இருக்கிற கற்களிலேயே அழகானது அது. அதனால்தான் நடுவில் வைத்தேன்.

ஆமாம். நான்தான் வைத்தேன். பணியாளர்கள் காலையிலேயே போய்விட்டார்கள் என்று சொன்னேனே. மூன்று மணிக்கு வேறு யார் இருந்தார்கள்? துடைப்பத்தை எடுத்தவன் நான், சுண்ணாம்பு அடித்தவன் நான். நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். ஒரு குப்பையை அகற்றுகிறவன் அதன் ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று விசாரித்தா அகற்றுவான்?

கல்லைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "போலாம்" என்று சுமந்தவர்களிடம் சொன்னாள்.

செங்கமலம் கீழே வந்ததும் தன் கல்லை எடுத்து எறிந்தாள். நான் எடுக்க மறந்துவிட்டேன். தொட்டிலோடு ஓடிக்கொண்டிருந்தவனுக்குக் கல் நினைவுக்கு வருமா? அன்றிலிருந்து அங்கேயே கிடக்கிறது. யாராவது எடுத்துப் போட்டிருக்கலாம். யாரும் தொடுவதில்லை. வைத்தவன்தான் எடுக்க வேண்டுமாம். நான் எடுக்கலாம்தான். குனிந்து நிமிர்ந்தால் முழங்கால் வலி. பாறை இடுப்பு உயரம்தானே என்கிறீர்களா? ஆமாம், இடுப்பு உயரம்தான்.

கோயம்புத்தூரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. எட்டாம் நாள் வாய் திறந்தாள். "அன்னைக்கு செங்கமலம் ஏன் கூப்பிடல?" என்று கேட்டாள். சொன்னேன். மறைக்கவில்லை, என்னைப் போய் எதையாவது மறைப்பவன் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சரி. ஊருக்கு முன்னால போயி, நான்தான் கல்லக் கூட்டுனேன், நான்தான் எல்லாரும் எறங்கியாச்சுன்னு செங்கமலத்துட்ட சொன்னேன்னு சொல்லுங்க. சொன்ன அன்னைக்கு நான் பஸ் ஏறுதேன்." அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. மகள் வந்து ஈரோட்டுக்கு அழைத்துப் போனாள்.

ஏன் ஊருக்கு முன்னால் என்று கேட்கிறீர்களா? ஊர் செங்கமலத்தை அல்லவா பேசியது! நான்கு தலைமுறையாகத் தவறாத எண்ணிக்கை அதிகாரி வந்த அன்று தவறிவிட்டது என்றார்கள். கடைக்கு வந்து உட்கார்ந்து அவள் கையால் டீயும் வாங்கிக் குடித்துக்கொண்டே, "கிளாஸ எண்ணத் தெரியுது, ஆள எண்ணத் தெரியலையா?" என்று கேட்டார்கள். அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சுகாதார இன்ஸ்பெக்டர் சொன்னார், நம்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "அக்கா முகத்துக்காவ" என்றாளாம் யாரிடமோ. அந்த வாரத்தோடு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே குழுவுக்கு நான்கு பக்க அறிக்கை கொடுத்தேன். 'சம்பவ நாளன்று பாறை தூய்மை செய்யப்பட்டிருந்த நிலையில், வழக்கமாக எண்ணும் பொறுப்பில் இருந்தவர் குரல் கொடுக்கவில்லை.' இதில் எந்தச் சொல் பொய்? ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பாருங்கள், ஒன்றுகூடப் பொய் இல்லை. அதைப் படித்துக் காட்டியபின் செங்கமலத்தின் கடைக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அதற்கு நான் என்ன செய்வேன்? அறிக்கையின் படி ஒன்றை ஈரோட்டுக்கு அனுப்பினேன். மகள் ஃபோனில் சொன்னாள்: "அப்பா, அம்மா அதைப் படிச்சிட்டு மடிச்சு ஜன்னல் ஆடாம இருக்கச் செருகி வச்சிருக்கா."

எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. பொதுக்காரியம் நின்றுவிடக்கூடாது என்று நானே எடுத்துக்கொண்டேன். ஒரு வருடமாகப் பொழுது சாயும்போது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணுகிறேன். ஆம், நான்தான், கல்லைக் கூட்டியவனே. பெரும்பாலும் என் கல் ஒன்றுதான் மீந்திருக்கும். அதைக் கழித்துவிடுவேன்.

நேற்று என் கல்லைத் தவிர மூன்று மீந்திருந்தன. பனி இதைவிடக் கெட்டியாக இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. யாருடைய கற்கள்? பெண்ணா, ஆணா, ஊர்க்காரரா, வெளியூரா? கல்லுக்கு முகம் உண்டா அம்மா? முக்கால் மணி நேரம் கத்தினேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெறும் குரலாகக் கத்தினேன். ஒரு கட்டத்தில் பார்க்கிறேன், நான் காந்திமதியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஈரோட்டில் இருக்கிறவளை.

செங்கமலம் கடையிலிருந்து வந்தாள். பாறையை ஒரு பார்வை பார்த்தாள். "இது மூணும் டூரிஸ்ட்டு கல்லு சார். அந்தப் பக்கமா எறங்கி எப்பவோ ஜீப் ஏறியிருப்பாங்க. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ஊர்க்காரங்க காலடியில கெடக்கற கல்லைத்தான் எடுப்பாங்க. இது பாருங்க, பூச்செடிக்குப் போட்டிருந்த உங்க கல்லு. கல்லைப் பாத்தா ஆளத் தெரியாதா சார்? மணியன் வச்சா சப்பையா இருக்கும். லூர்து அண்ணன் ரெட்டைக் கல்லு வைப்பாரு, அவருக்கும் நாய்க்கும். அக்கா கல்லு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

இரவெல்லாம் அந்த நின்றுபோன வாக்கியம்தான். இன்று காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். ஒரு வருடமாக எனக்குச் சர்க்கரை இல்லாமல் டீ கொடுக்கிறாள். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. நான் கேட்டதும் இல்லை. இன்றைக்கும் அப்படியே கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "செங்கமலம், கற்களைக் கூட்டியது நான். எல்லோரும் இறங்கியதை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக உன்னிடம் சொன்னேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அல்லது, பரவாயில்லை சார் என்பாள் என்று. என் வயதுக்கு மரியாதை கொடுத்து அப்படிச் சொல்லியிருக்கலாம்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதானே சார்" என்றாள். "தெரிஞ்சவகிட்டயே வந்து சொல்றீங்களே. என் தப்பு என்னன்னும் எனக்குத் தெரியும். கல்லைப் பாக்காம ஒரு ஆள் பேச்சைக் கேட்டுட்டேன். எங்கப்பாரு கேட்டிருக்க மாட்டாரு. அதுக்குத்தான் எண்றத விட்டேன். நீங்க தெரியாதவங்ககிட்ட போயிச் சொல்லுங்க."

"இன்று கூட்டத்தில் சொல்லத்தான் போகிறேன். எழுதி வைத்திருக்கிறேன்" என்று காட்டினேன். இதோ, இதுதான். ஆறு பக்கம். அந்த விளக்குக் கதையில்தான் தொடங்குகிறது.

தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "இதுல அது எத்தனாவது பக்கத்துல சார் வருது?"

ஐந்தாம் பக்கத்தில் வருகிறது.

"கதை வேணாம் சார். ரெண்டு வரிதானே."

அதன்பிறகு பாறைப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள்: "உங்க கல்லு ஒரு வருசமாக் கெடக்குது. இன்னைக்குச் சொல்லிட்டு வந்து எடுத்துப்போடுங்க. அதுவரைக்கும் கெடக்கட்டும். சாயங்காலம் நானே வந்து எண்ணிக்கறேன்."

நானே வந்து எண்ணிக்கொள்கிறேன் என்றாள் அம்மா. ஒரு வருடத்துக்குப் பிறகு.

நான்கு மணி நேரமாக இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தோராண்டு மேடையேறிப் பேசியவன். சந்தையில், பள்ளிக்கூடத்தில், மருத்துவமனை வாசலில். காலராவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் இந்தத் தொண்டையோடு இப்போதே பேசுவேன். இரண்டு வரி வர மாட்டேன் என்கிறது. மற்றவர்களுக்காகப் பதினான்கு பலகைகள் எழுதினேன். எனக்கென்று எழுதியது ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் இப்போது அதைப் பார்த்துப் படித்துவிடலாம்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு சமயம் வந்தால் உதவும். தவறு செய்தவன் முதலில் சின்னதாகச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அந்தப் பால் சிந்திய இடத்தில் நின்று சொல்லியிருந்தால் ஒரு மூச்சில் முடிந்திருக்கும். நாள் ஆக ஆக அதற்குப் பக்கங்கள் முளைக்கின்றன. நான்காக இருந்தது ஆறாகியிருக்கிறது.

பாருங்கள், புகைபோக்கி தெரிகிறது. பனி விலகிவிட்டது. உங்கள் ஆட்களும் ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார்கள். மணி பதினொன்றேகால். புறப்படுங்கள். டிராலிப் பாதையில் போனால் இரண்டாவது வளைவில் இடப்பக்கம் ஒட்டி நடங்கள், வலப்பக்கம் பாசி. ஆளுக்கு ஒரு கல் வையுங்கள். பூச்செடியில் எடுக்காதீர்கள், காலடியில் கிடப்பது போதும். இந்தத் தாள்களை வாங்கி அந்தத் தொட்டியில் போட்டுவிடுகிறீர்களா? தொட்டியின்மேல் எழுதியிருக்கிறதே, 'வேண்டாததை இங்கே இறக்கிவிட்டு இலேசாக நட.' அதுவும் என்னுடையதுதான். இல்லை, இருக்கட்டும். கொடுங்கள். நானே போட்டுவிடுகிறேன்.

நீங்கள் மூன்று மணி வாக்கில் இறங்குவீர்கள். இறங்கியதும் உங்கள் கல்லை எடுத்து எறிந்துவிடுங்கள், என்னைப்போல் மறந்துவிடாதீர்கள். அப்போது அந்தக் கறுப்புக் கல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இல்லையென்றால் நல்லது, ஈரோட்டுக்கு நான் ஃபோன் செய்துகொண்டிருப்பேன். கிடந்தால், யாரும் எனக்காகக் கத்த வேண்டாம். கடையில் செங்கமலம் இருப்பாள். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு ஆள் இன்னும் இறங்கவில்லை என்று.